மோட்டார் சைக்கிளில் பின்வண்டி பூட்டும் விஷயம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவன் முதலில் பார்ப்பது முன்பாரமா, பின்பாரமா என்பதையே. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்துப் புண்ணாகும். இவ்வறிவை நம் முன்னோர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மாட்டின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இன்று அநேகக் குடும்பங்களில் மாடும் இல்லை, வண்டியும் இல்லை. எருமூட்டை, தேங்காய், புல்லுக்கட்டு, பால் கேன் முதலியவைகளைத் தோட்டத்திற்கும் வீட்டிற்கும் கொண்டுபோகும் வேலை மோட்டார் சைக்கிளின் தலையில் விழுந்திருக்கிறது. அது மாட்டைப்போல் முகத்தைச் சுளிப்பதில்லை. கீழே தள்ளிய பிறகே தன் கஷ்டத்தைத் தெரிவிக்கிறது.

மோட்டார் சைக்கிளின் மேலேயே மூட்டையை ஏற்றுவதைவிட, பின்னால் இரண்டு சக்கரச் சிறு வண்டி ஒன்றைப் பூட்டி இழுத்தால் சௌகரியமாயிருக்குமென்று பலர் யோசிக்கிறார்கள். யோசனை தவறானதன்று. ஆனால் பட்டறைக்குப் போகும் விவசாயி முதலில் கேட்பது, "லேசான கொக்கியாகப் பண்ணித்தர முடியுமா?" என்பதே. சிலர் சைக்கிள் பின்வண்டிக்காக அலுமினியத்தில் செய்யப்பட்ட கொக்கிகளை விலைக்குத் தருவித்து, அதுவே போதுமென்று மாட்டிவிடுகிறார்கள். லேசாயிருக்க வேண்டுமென்ற அவர்கள் எண்ணம் முற்றிலும் நியாயமானது. அந்த லேசைத் தேடும் இடந்தான் தவறு என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைக் கீழே சொல்லுகிறேன்.

முதலில், கனத்தைப்பற்றி இவ்வளவு கவலை ஏன் என்பதைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளின் பின்னால் வண்டி இழுப்பதற்கு இங்கிலாந்தில் திட்டமான விதிகள் உண்டு. அங்கே 125 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளே வண்டி இழுக்கலாம். பின்வண்டியின் அகலம் 1 மீட்டருக்கு மேற்படக்கூடாது. மோட்டார் சைக்கிளின் பின் அச்சிலிருந்து பின்வண்டியின் கடைசிவரை 2.5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. பாரத்துடன் கூடிய பின்வண்டியின் மொத்த எடை 150 கிலோவையோ, மோட்டார் சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கையோ, இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. நல்ல தார்ச்சாலையும் நல்ல பிரேக்கும் உள்ள தேசத்தில் வைத்த அளவு இது. நம் வரப்போரத்துப் பாதைக்கு இதைவிட அதிகம் கேட்க யாருக்கும் துணிவு வரக்கூடாது.

இந்த அளவை நம் வண்டிகளுக்கு வைத்துப் பார்க்கலாம். கிராமங்களில் மிகுதியாய் வழங்கும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 110 கிலோ இருக்கும். இங்கிலாந்து விதிப்படி இது வண்டி இழுக்கவே தகுதியற்றது. ஆயினும் கணக்குக்காக எடுத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்கு 73 கிலோவாகிறது. இந்த 73 கிலோவில் பின்வண்டியின் சொந்தக் கனமும் அடக்கம் என்பதை மறக்கலாகாது. சாதாரணப் பட்டறையில், "உறுதியாயிருக்கட்டும்" என்று 40 மி.மீ. ஆங்கிளில் சட்டம் கட்டுவார்கள். 5 மி.மீ. கனமுள்ள அந்த ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. ஏர்க்காலும் சேர்ந்து 8 மீட்டர் பிடித்தால் 24 கிலோ. ஒரு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உள்ள பெட்டிக்கு, ஓரடி உயரப் பக்கங்களுடன் 1 மி.மீ. தகடு அடித்தால் ஏறக்குறைய 15 கிலோ. 25 மி.மீ. கெட்டிக் கம்பியில் அச்சு மூன்றரைக் கிலோ. சக்கரங்கள் இரண்டும் 10 கிலோ. ஆக, ஒன்றுமே ஏற்றாத வண்டி 52 கிலோ! மீதியுள்ள 21 கிலோவில் யூரியா மூட்டையில் பாதிகூட ஏறாது. மூட்டை 45 கிலோ அல்லவா?

பார்த்த விவசாயி என்ன செய்கிறார்? வண்டியைப் பண்ணியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே மூட்டையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஒன்றுக்கு இரண்டாகவும் ஏற்றுகிறார்.

ஆகையால் கனம் குறைய வேண்டியது அவசியமே. எங்கே குறைப்பது? மேற்சொன்ன கணக்கே வழிகாட்டுகிறது. சட்டம், பெட்டி, அச்சு, சக்கரம் என்னும் நான்கிலுந்தான் கிலோக் கணக்கில் கனம் இருக்கிறது. ஆங்கிளுக்குப் பதிலாக 25 மி.மீ. சதுரக் குழலில், 2 மி.மீ. கனத்தில், சட்டம் கட்டினால் மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். 7 மீட்டருக்கு 10 கிலோ. தகட்டுப் பெட்டியை விட்டு மூங்கில் தட்டி பின்னி வைத்தால் 5 கிலோவில் முடியும். நம் ஊர் மூங்கில் வேலைக்காரர்கள் செய்யும் தட்டி ஈரத்தில் துருப்பிடிப்பதில்லை. உடைந்தால் அரை நாளில் வேறொன்று பின்னிக்கொள்ளலாம். அச்சையும் குழலாக்கினால் 2 கிலோ. சக்கரம் 8 கிலோவுக்குள் கிடைக்கும்.

சக்கரத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சைக்கிள் சக்கரம் லேசாயிருக்கிறதென்று அதையே பூட்டுகிறவர்கள் உண்டு. சைக்கிள் வளைவில் சாயும். ஆகவே அதன் சக்கரத்திற்குப் பக்கவாட்டுப் பாரம் அதிகம் வருவதில்லை. பின்வண்டி சாயாது, வளைவிலும் பள்ளத்திலும் பாரம் முழுவதும் பக்கவாட்டில் கம்பிகளைத் தள்ளும். தவிர, சைக்கிள் சக்கரத்தின் அச்சை இருபுறமும் கவை தாங்கவேண்டும். ஒரே பக்கத்தில் பூட்டினால் அச்சு வளைந்துபோகும். சைக்கிள் சக்கரமே வேண்டுமென்றால் இருபுறமும் தாங்கு கொடுத்து, 45 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் நடத்துக. மொபெட்டின் சக்கரம் சற்றுக் கனமானாலும் எனக்கு அதுவே உசிதமாய்த் தோன்றுகிறது.

ஏர்க்காலை எடுத்துக்கொள்வோம். கெட்டிக் கம்பியைவிடக் குழல் பலமுள்ளது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 25 மி.மீ. கெட்டிக் கம்பி மீட்டருக்கு 3.85 கிலோ. வெளிவிட்டம் 33.7 மி.மீ., சுவர் 3.2 மி.மீ. உள்ள, தண்ணீர்க் குழாய்க் கடைகளில் ஒரு அங்குலக் குழாய் என்று விற்கப்படும் இரும்புக் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ. வளைவைத் தாங்கும் சக்தியில் குழாய் கம்பியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். கனமோ மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஏனெனில் வளைக்கும்போது வேலை செய்வது வெளிப்புறத்து இரும்பே. நடுவிலுள்ள இரும்பு சும்மா சவாரி செய்கிறது. மூங்கில் உள்ளே கூடாயிருந்தும் புயலில் நிற்பதைக் கண்ட நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? ஒரேகால் மீட்டர் ஏர்க்கால் இவ்விதத்தில் 3 கிலோவில் முடியும்.

இதுவரை கூட்டினால் 28 கிலோ. கொக்கித் தலைக்கு 2 கிலோ வைத்தால் 30. எழுபத்துமூன்றில் 30 போக 43 மிஞ்சுகிறது. யூரியா மூட்டைக்கு இன்னும் இரண்டு கிலோ வேண்டும்! கொக்கியில் அந்த இரண்டு கிலோவை எடுத்துவிடலாமே என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது. எனக்கும் பிறந்தது.

என் தோப்பு வண்டிக்கு முதலில் செய்துகொண்ட கவை, ஜன்னல் வேலைக்கு உதவும் அலுமினியச் சட்டத்தில் வெட்டியது. கையில் எடுத்தால் கனமே தெரியாது, பார்க்கவும் அழகாயிருந்தது. நான்கு மாதம் ஒரு குறையுமில்லை. ஐந்தாம் மாதம், தேங்காயோடு தோப்பிலிருந்து களத்துக்கு வரும்பொழுது, வாய்க்கால் பாலத்தருகே ஏர்க்கால் தரையில் குத்தியது. வண்டி குட்டிக்கரணமடித்து வாய்க்காலில் விழுந்தது. ஓட்டிவந்த பையன் திரும்பிப் பார்த்துக்கொண்டே பத்தடி போய் நிறுத்தினான், அவனுக்குக் காயமில்லை. கவையை எடுத்துப் பார்த்தால், ஆணித் துவாரத்தின் ஓரத்திலிருந்து தொடங்கிய விரிசல் பாதிவரை கறுத்துப் பழையதாயிருந்தது. மீதிப் பாதிதான் அன்று ஒடிந்தது. அதாவது, பல வாரங்களாகவே அது மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

இது அலுமினியத்தின் இயற்கை. இரும்பைப் பொறுத்தவரை, ஒரு குறித்த அளவுக்குட்பட்ட ஆட்டத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் அது தாங்கிக்கொள்ளும். அலுமினியத்திற்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. சிறிய ஆட்டமானாலும் எண்ணிக்கை பெருகப் பெருக ஒருநாள் விரிசல் காணும். வரப்பிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் வண்டியின் கொக்கி ஒரு நாளில் எத்தனை முறை ஆடுகிறதென்று யார் எண்ணியிருக்கிறார்கள்? மேலும், கெட்டியான அலுமினியக் கலவைகளைப் பற்றவைத்தால், சூடுபட்ட இடத்தில் அவற்றின் பலம் வெகுவாய்க் குறைந்துபோகும். கிராமப் பட்டறையில் அதைத் திரும்பப் பதப்படுத்த வழியில்லை. கனத்தில் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது மெய். விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்கே என்பதைச் சேர்த்துச் சொல்லுவாரில்லை.

ஆணியின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. 12 மி.மீ. ஆணிக்குப் பதிலாக 8 மி.மீ. ஆணி போட்டால் மிச்சமாகும் கனம் எவ்வளவு? மூன்று அங்குல நீளத்திற்குக் கணக்கிட்டால் 37 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையின் எடை அது! அந்த 37 கிராமுக்காக ஓட்டுகிறவன் உயிரையும் எதிரே வருகிறவன் உயிரையும் பணயம் வைப்பதைச் சிக்கனமென்று சொல்லலாகாது. "நேராக இழுத்தால் 8 மி.மீ. ஆணியே ஒரு டன் தாங்குமே" என்று பட்டறைக்காரர் சொல்லுவார். அவர் சொல்வது சரியே. ஆனால் நேரான இழுப்பினால் எந்த ஆணியும் ஒடிவதில்லை. துவாரம் தேய்ந்து ஆட்டம் கொடுத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் சம்மட்டியடி வாங்கியே ஆணி ஒடிகிறது. கிளிப் கழன்று ஆணி மேலே எழும்பிப் போவதும் உண்டு. மாட்டு வண்டியின் கடையாணி எப்படிப்பட்டதோ அப்படிப்பட்டதே இதுவும். வண்டிக்காரர்கள் கடையாணியை லேசாக்க ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆணிக்குத் தலையில் 8.8 என்று முத்திரையிட்ட 12 மி.மீ. போல்ட்டை வாங்குக. முத்திரையில்லாத போல்ட்டின் பலம் யாருக்குத் தெரியும்? மரையில்லாத வழவழப்பான தண்டுப்பாகமே கவையின் துவாரங்களில் உட்கார வேண்டும். மரைப்பாகம் துவாரத்திற்குள் வந்தால் அது அரம்போல் அராவும்; ஒடியவேண்டிய இடத்தையும் தானே காட்டிக்கொடுக்கும். கவை இருபுறமும் தாங்கும்படி 6 மி.மீ. இரும்புப் பட்டையில் அமைய வேண்டும். நைலாக் நட்டு முடுக்கி, அதற்கு வெளியே ஸ்பிளிட் பின்னும் போடுக. அடிக்கடி கழற்ற வேண்டுமென்றால் நட்டுக்குப் பதிலாக ஆர் கிளிப் போடலாம். அப்பொழுது கிளிப்பைச் சிறு சங்கிலியில் கோத்து வண்டியோடு கட்டி வைப்பது நலம். புல்லில் விழுந்த கிளிப்பை யாரும் கண்டெடுத்ததில்லை, அதற்கு மாற்றாக ஆணி ஒன்றை வளைத்துச் செருகுவதே வழக்கமாயிருக்கிறது.

இனி, மோட்டார் சைக்கிள் கொக்கியை மற்றக் கொக்கிகளிலிருந்து வேறுபடுத்தும் முக்கியமான அம்சத்திற்கு வருகிறேன். டிராக்டரும் மாடும் வளைவில் சாய்வதில்லை. மோட்டார் சைக்கிள் சாயும், சாய்ந்தே திரும்பும். பின்வண்டியோ இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்தே வரும். ஆகவே இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இணைப்பு மூன்று விதமாய்ச் சுழல வேண்டும்: வலமிடமாகத் திரும்ப வேண்டும், மேடு பள்ளத்திற்கு மேலும் கீழும் மடங்க வேண்டும், ஏர்க்காலின் நீளத்தையே அச்சாகக் கொண்டு உருளவும் வேண்டும். டிராக்டர் டிரெய்லரைப் பார்த்துப் பழகிய பட்டறைக்காரர் முதலிரண்டையும் செய்துவிடுவார். மூன்றாவதை மறந்துவிடுவார். அப்படிப்பட்ட கொக்கியைப் பூட்டிய மோட்டார் சைக்கிள் வளைவில் சாய முயலும்போது பின்வண்டி அதைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். அல்லது பின்வண்டியின் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பும். பின்வண்டியின் ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலோ, அந்த முறுக்கு முழுவதும் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் தள்ளும். கார்களில் வழங்கும் 50 மி.மீ. குண்டுக் கொக்கியும் கொஞ்சந்தான் உருளும். மோட்டார் சைக்கிள் கீழே படுத்தால் அதற்கு ஈடு கொடுக்காது. கனமும் வீண்.

இந்த உருளும் மூட்டைக் கிராமப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஏர்க்காலின் முனையில் அரையடி நீளக் குழலொன்றைப் பற்றவைத்து, அதனுள் ஆட்டமில்லாமல் பொருந்தும் 20 மி.மீ. கம்பியை விட்டு, மறுமுனையில் வாஷரும் நட்டும் ஸ்பிளிட் பின்னும் போட்டு, நடுவில் ஒரு கிரீஸ் நிப்பிள் வைத்தால் போதும். கம்பியின் கனம் அரைக் கிலோ. முன்முனையில் கவை. பழைய ஜீப்பின் யுனிவர்சல் ஜாயிண்டைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்களும் உண்டு. அது நன்றாய் மடங்கும். ஆனால் அது மட்டும் ஏர்க்காலை உருளவிடாது என்பதையும், நம் வேலைக்கு மிஞ்சின கனமென்பதையும் கவனிக்க வேண்டும். லேசான பொருளே வேண்டுமென்பார்க்கு ரோஸ் ஜாயிண்ட் என்னும் உருண்டை மூட்டு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. இரும்பில் செய்த 12 அல்லது 16 மி.மீ. மூட்டு நல்ல சாமானே. அதிலும் இரண்டு குறை: அது உருளும் கோணம் சொற்பம், சேறும் மணலும் புகுந்தால் சீக்கிரம் தேயும். தேய்ந்த உருண்டை ஒருநாள் வளையத்தைவிட்டு வெளியே வந்துவிடும். அதை உபயோகிப்பவர் உருண்டையின் இருபுறமும் வளையத்தின் துவாரத்தைவிடப் பெரிய வாஷர்களைப் போட்டே ஆணி முடுக்க வேண்டும். உருண்டை கழன்றாலும் வாஷர் தடுத்து நிறுத்தும். இரண்டு வாஷரின் விலை என்ன!

மோட்டார் சைக்கிளில் கொக்கியை எங்கே பொருத்துவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பின் கேரியரிலும், மட்கார்டிலும், நம்பர் பிளேட் தாங்கியிலும், சேலை சிக்காமலிருக்க வைத்த சாரி கார்டிலுங்கூடக் கொக்கி மாட்டியிருப்பதைக் கண்ணால் கண்டேன். இவை ஒன்றும் இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டவையல்ல. உயரத்தில் மாட்டினால் இழுப்பு பின்சக்கரத்தை அழுத்தி முன்சக்கரத்தை லேசாக்கும். பின்னுக்குத் தள்ளி மாட்டினாலும் அப்படியே. கொக்கியின் மேல் அழுத்தும் பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காயிருப்பது வழக்கமான அளவு; 70 கிலோவுக்கு 7 கிலோ. இவ்வளவிருந்தால் முன்சக்கரத்தில் குறைவது இரண்டு கிலோவே, அதனால் தீங்கில்லை. மூட்டையை முன்னுக்குத் தள்ளி 20 கிலோ ஆக்கினால் ஆறு ஏழு கிலோ குறையும். கைப்பிடி மிதப்பதுபோலத் தோன்றும். மூட்டையைப் பின்னுக்குத் தள்ளினாலோ, கொக்கி மேலே தூக்க, பின்சக்கரம் பிடிப்பிழந்து வண்டி பாம்பைப்போல் நெளியும். மாட்டின் பூட்டாங்கயிறு நெரித்த பழைய பின்பாரமே இது.

பின் அச்சின் இருபுறத்திலிருந்தும் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பின்னுக்கு நீட்டி, நடுவில் இணைத்து, அங்கே கொக்கி வைப்பதே உசிதமென்று நினைக்கிறேன். தாழ்வாயிருக்கும், இழுப்பு நேரே சக்கரத்தின் அச்சுக்குப் போகும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அச்சு நட்டுக்கடியில் 6 மி.மீ. பட்டையைச் செருகினால் நட்டு பிடிக்கும் மரை அவ்வளவு குறைந்துபோகும். நட்டுக்கு வெளியே மரை தெரியவில்லையென்றால், அந்தப் பொருத்தத்தை அன்றே கழற்றிவிடுக. பின்சக்கரம் கழன்று ஓடுவதற்கு அதைவிடச் சுலபமான வழியில்லை. பிரேமில் பற்றவைத்து ஒட்டுவது எக்காரணத்தாலும் கூடாது. மெல்லிய குழாயில் சூடுபட்ட ஓரமே பிறகு விரிசல் காணும்.

கொக்கிக்கு அப்பால், ஏர்க்காலின் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டி, கொக்கியில் அல்லாமல் மோட்டார் சைக்கிளின் பட்டைகளிலேயே முடிவது அவசியம். ஆணி ஒடிந்தால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். என் வண்டியில் அன்று அது இல்லை.

பிரேக்கைப்பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 110 கிலோ மோட்டார் சைக்கிளும் 65 கிலோ ஆளும் சேர்ந்து 175. பின்வண்டியின் 73 கிலோவைக் கூட்டினால் 248. பிரேக் பழைய பிரேக்கேயாகையால், 10 மீட்டரில் நின்ற வண்டி 14 மீட்டருக்கு ஓடும். இறக்கத்தில் இன்னும் மோசம். ஆகவே மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லையென்று ஓட்டுகிறவன் மனத்தில் பதியவைக்க வேண்டும். பின்வண்டியின் மேல் ஆளை ஏற்றுவதைப்பற்றி நான் எழுதவும் விரும்பவில்லை.

இனிக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், இரண்டாம் பிரிவில், மோட்டார் வாகனமென்னும் சொல்லில் டிரெய்லரையும் அடக்கியிருக்கிறது. 39-ஆம் பிரிவுப்படி ரிஜிஸ்டர் செய்யாத வாகனத்தை ஓட்டலாகாது. பட்டறையில் செய்த பின்வண்டி மாதிரிப் பரிசோதனையில் தேறியதன்று. ஆகவே அதற்கு ரிஜிஸ்டர் கிடைப்பது அரிது. 52-ஆம் பிரிவு வாகனத்தை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. அடைக்கப்பட்ட வளாகத்திற்குள் மட்டும் உபயோகிக்கத் தக்கதாய் அமைத்த விசேஷ வாகனத்தைச் சட்டம் விலக்கியிருக்கிறது. வேலியிட்ட தோப்பு அவ்விலக்கில் சேருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பஞ்சாயத்துச் சாலையானாலும் பொதுச்சாலை பொதுச்சாலையே. அங்கே இவ்வண்டி போய் ஒருவர்மேல் மோதினால், மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எடுத்த இன்ஷூரன்ஸைக் காட்டித் தப்ப முடியாது. கம்பெனி தட்டிக்கழிக்க இடமுண்டு. ஓட்டினவர் நம் வேலையாளாயிருந்தால், அவனுக்கும் அடிபட்டவருக்கும் நஷ்டஈடு கொடுக்கும் பாத்தியதை நிலச்சொந்தக்காரரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஆகையால் பட்டறையில் இவ்வித வண்டி தயாராகும் செய்தி காதில் விழுந்தால், சொந்தக்காரரை அழைத்து முன்னதாகவே இதை எடுத்துச் சொல்லும்படி கிராம அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். விபத்து நடந்த பிறகு அறிக்கை எழுதுவதைவிட அது எளிது.

சாலை வழியே கொஞ்சம் சாமான் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலேயே லேசான பெட்டியொன்றைப் பொருத்திக்கொள்ள 2020-ஆம் வருஷத்தில் மத்திய அரசு விதி செய்தது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்கு மேற்படக்கூடாது, பின்னால் உட்காருகிறவர் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுகிறவரைத் தவிர வேறொருவர் ஏறலாகாது. காய்கறிக்கும் முட்டைக்கும் அது போதும். பாரம் அதற்கு மேற்பட்டால் மூன்று சக்கரச் சரக்கு வண்டியை வாடகைக்குப் பேசுவதே லாபம். குஜராத்தில் அம்ரேலி ஜில்லாவைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி என்னும் விவசாயி 1994 வாக்கில் புல்லட் மோட்டார் சைக்கிளைக்கொண்டு உழவுக்கருவி செய்து பெயர் பெற்றதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு சக்கரம் வைத்து, நிலத்தில் உழுவதற்கென்றே அதை மூன்று சக்கரமாக்கினார். சாய்ந்து திரும்பும் இரண்டு சக்கர வண்டிக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

அந்த இரண்டு கிலோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூட்டை ஏற்றும் நாளில் பெட்டியின் நான்கு பக்கத் தட்டிகளையும் கழற்றி வைத்துவிடுகிறோம். மூட்டைக்குப் பக்கச்சுவர் எதற்கு? மூன்று கிலோ குறைந்துவிட்டது. தேங்காய்க்குத் தட்டி வேண்டும். அன்று ஐம்பது காய்க்குப் பதிலாக முப்பத்தைந்தோடு நிறுத்தி, இன்னொரு நடை போகிறோம். கவை இப்பொழுது இரும்பு. அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆணியைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேய்மானம் கண்டால் மாற்றிவிடுகிறேன். இவ்வருஷம் ஒரு முறை மாற்றினேன்.